மர உடல் கொண்ட மோட்டார் வண்டி

இராசிபுரம் என்றவுடன் பலருக்கு நெய் நினைவுக்கு வரும். இலக்கியம் கற்றவர்களுக்கு, ஆங்கிலத்தில் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயணனின் பெயரில் முதலெழுத்தாக நிற்பது இவ்வூர்தான் என்பதும் நினைவுக்கு வரலாம். எனக்கோ அவ்வூர் மரத்தூளின் மணத்தோடு கலந்தே மனத்தில் நிற்கிறது. என் பாட்டனார் அங்கே மாட்டுவண்டி செய்யும் தச்சர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டம் பிரிந்தது 1997-இல்தான்.

ஒரு சக்கரம் செய்ய ஒரே வகை மரம் போதாது என்பதை அந்தப் பட்டறையில்தான் அறிந்தேன். நடுவிலுள்ள குடம் வெயிலில் பிளவாத மரமாக இருக்கவேண்டும். ஆரக்கால் பாரத்தைத் தாங்கவேண்டும். வட்டையோ கல்லிலும் பள்ளத்திலும் அடிபட்டும் சிதையாததாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் பொருத்தியபின் இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, வட்டையின்மேல் இறக்கி, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும்போது எழும் முறுகல் ஓசையைக் கேட்கவே பள்ளி விட்டதும் ஓடிவருவேன்.

1963-ஆம் ஆண்டில் ஒருநாள் அந்தப் பட்டறை வாயிலில் ஒரு மோட்டார் வண்டி வந்து நின்றது. பஸ்ஸும் லாரியும் எங்களுக்குப் பழக்கமானவையே. ஆனால் இதன் முன்பாதி மற்றக் கார்களைப்போல் இரும்புத் தகடாகவும், பின்பாதி வீட்டுச் சன்னலைப்போல் மரச்சட்டங்களாகவும் இருந்தது. பின்புறத்தில் அலமாரிக் கதவுகளைப்போல் இரண்டு கதவுகள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்குரிய வண்டி அது. அதை ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர். "ஆசாரியாரே, இதை இரும்புக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள். நீங்கள் ஒரு பார்வை பார்க்கவேண்டும்" என்றார் அவர். அந்த வண்டி மோரிஸ் மைனர் டிராவலர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்தேன்.

இத்தகைய வண்டிகளின் கதை குதிரைகளிடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இளங்குதிரைகளை வண்டியிழுக்கப் பழக்குவதற்கென்று மேற்கூடு இல்லாத ஒரு கனத்த வண்டி இருந்தது. அதனைப் 'பிரேக்' என்றார்கள். பிற்பாடு வேட்டைக்குச் செல்வோரும் அவர்களுடைய துப்பாக்கிகளும் நாய்களும் ஏறிச் செல்ல அதே வகை வண்டி பயன்பட்டது. 'ஷூட்டிங் பிரேக்' என்ற பெயர் அப்படி வந்தது. அமெரிக்காவில் புகைவண்டி நிலையத்திலிருந்து விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றிவர இதுபோன்ற வண்டி ஓடியதால் அங்கே 'ஸ்டேஷன் வாகன்' ஆயிற்று. இங்கிலாந்தில் பெரும்பண்ணைகளின் பெயரால் 'எஸ்டேட் கார்' என்றும் வழங்கினர். எஸ்டேட் என்றால் மலைத்தோட்டம் என்று பொருள்கொள்ளும் நமக்கு, ஏற்காட்டு வண்டிக்கு இப்பெயர் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது.

மோட்டார் தோன்றிய காலத்தில் கார்கள் யாவுமே ஏறக்குறைய மரவண்டிகள்தாம். தொழிற்சாலை தந்தது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் மட்டுமே. அதன்மேல் உடலைக் கட்டியவர்கள் சாரட்டு வண்டி செய்துவந்த தச்சர்கள். நம் சென்னையும் இதற்கு விலக்கன்று. 1840-இல் தோன்றிய சிம்ப்சன் கம்பெனி குதிரைவண்டிகள் கட்டிப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர்தாம் 1903-இல் நீராவியால் ஓடும் காரை உருவாக்கினார். குதிரையை அவிழ்த்துவிட்ட இடத்தில் எஞ்சினைப் பூட்டினார்கள் என்றே சொல்லலாம். பிறகு எஃகுத் தகட்டைப் பெரிய அச்சுகளில் அழுத்தி உடலாக்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. வில்லியம் மோரிஸ் அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவர, 1926-இல் கௌலியில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது. அன்றுமுதல் கார்த் தொழிலில் தச்சருக்கு இருந்த இடம் சுருங்கத் தொடங்கியது.

சுருங்கிய அந்த இடத்தைச் சிலகாலம் மீட்டுத் தந்தது இரண்டாம் உலகப்போர். போர் முடிந்தபோது இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு, பங்கிட்டே கொடுத்தார்கள். கார் வாங்கினால் கொள்முதல் வரி கட்டவேண்டும். வேலைக்குரிய வண்டி என்று வகைப்படுத்தப்பட்ட மர உடல் வண்டிகளுக்கோ அவ்வரி இல்லை. ஆகவே பல சிறு பட்டறைகள் அடிச்சட்டங்களை வாங்கி மரத்தால் உடல் கட்டித் தந்தன. மர உடல் என்றதும் செல்வரின் ஆடம்பரம் என்று நாம் நினைக்கிறோம். அரசர்களும் ஜமீன்தார்களும் அத்தகைய வேட்டை வண்டிகளை வைத்திருந்தது உண்மையே. ஆயினும் 1940-களின் இறுதியில் அவ்வண்டிகள் பெருகியதற்குக் காரணம் வரியும் தட்டுப்பாடுமே. வரலாற்றில் அழகு என்று நாம் போற்றுவன பல, ஒரு காலத்தில் வேறு வழியின்றிச் செய்யப்பட்டவை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் கார் 1948-இல் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. அதன் தொடக்கக்கால வடிவை நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றதுண்டு. இக்காரின் பின்பாதியை மரச்சட்டமாக்கி 1953-இல் வெளியிட்டதே டிராவலர். 1971 வரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். இதன் மரம் ஒப்பனை அன்று. 1960-இல் மினி காருக்கும் டிராவலர் என்றொரு வகை வந்தது. அதன் மரத்தைக் கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும். மைனர் டிராவலரில் கூரையையும் கதவுகளையும் பக்கத் தகடுகளையும் தாங்குவது மரம்தான். அது உளுத்துப்போனால் இங்கிலாந்தில் நடக்கும் வண்டிச் சோதனையில் தேற முடியாது.

அம்மரத்தின் பெயர் ஆஷ். பெயரைக் கேட்டுச் சாம்பலை நினைக்கவேண்டா. நம் மல்லிகையும் ஆலிவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. வெளிர்நிறமும் நேரான நாரும் உடையது. அடி விழுந்தால் வளைந்து கொடுக்குமே தவிர எளிதில் முறியாது. ஆகவே சம்மட்டி, கோடரி ஆகியவற்றுக்குப் பிடியாகவும், கிரிக்கெட் ஆடும் மாணவர்கள் அறிந்த ஸ்டம்புகளாகவும் அது பயன்படுகிறது. குலுங்கும் வண்டிக்கு அதனினும் ஏற்ற மரம் அங்கே இல்லை. ஆனால் ஒரு பெருங்குறை உண்டு: ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து விரைவில் உளுத்துவிடும்.

குளிர்நாட்டுத் தச்சுவேலை நம் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்குமா என்ற கேள்வி போர்க்காலத்திலேயே எழுந்தது. பிரிட்டிஷார் மொஸ்கிட்டோ என்ற போர்விமானத்தை மரத்தாலேயே கட்டினார்கள். நாற்காலியும் மேசையும் செய்துவந்த பட்டறைகள் அதன் பகுதிகளைச் செய்து கொடுத்தன. 1944-இன் இறுதியில் இந்தியாவிலிருந்த அவ்விமானங்கள் சிலவற்றில் சிறகுகளின் ஒட்டு விட்டுப்போய் உயிர்ச்சேதம் நேர்ந்தது. விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்து ஆராயவேண்டியதாயிற்று.

எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிக்கும் நேர்ந்தது ஏறத்தாழ அதுவே. ஏற்காட்டு மழை பக்கச் சன்னல்களின் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் தேங்கி, மெல்ல மெல்ல உள்ளே இறங்கியிருந்தது. அதற்குமுன் எங்கேயோ ஒரு பட்டறையில் உளுத்த இடத்தை மக்கு வைத்து அடைத்து, மேலே வார்னிஷ் பூசி, மரத்தின் வரிகளைக்கூடத் தூரிகையால் வரைந்து அனுப்பியிருந்தார்கள். பார்வைக்குப் புதிதுபோல் இருந்தது. பாட்டனார் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார்; விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. அங்கே என்னை அழைத்துக் குத்தூசியைக் கையில் கொடுத்து, "குத்து, சாமி" என்றார். அது பிடிவரையில் இறங்கிற்று. பின்கதவைத் தாங்கும் தூண் அது. டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. தோட்டக்காரரின் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டியில்தான்.

ஆஷ் மரத்துக்கு இராசிபுரத்தில் எங்கே போவது? பாட்டனார் கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வந்து, பல ஆண்டுகளாக நிழலில் கிடந்த ஒரு வேங்கைத் துண்டை எடுத்தார். வைரம் பாய்ந்த வேங்கையைக் கரையானும் பூஞ்சணமும் எளிதில் அணுகா. ஆனால் கனம் மிகுதி. இழைப்புளிக்கு எளிதில் இணங்காது. பழைய தூணைக் கழற்றி, அதன் கழுந்தையும் துளையையும் அளந்து, புதியதைச் செதுக்கப் பதினோரு நாள்கள் ஆயின. இரும்பு ஆணியைக் குறைத்து மரமுளைகளைக் கூட்டினார். நீர் வடிவதற்குப் பள்ளத்தில் இரண்டு துளைகள் இருந்தன. அவை குப்பையால் அடைபட்டிருந்ததே நோயின் மூலம் என்று கண்டு, துளைகளைச் சுத்தம் செய்து டிரைவரிடம் ஒரு மெல்லிய கம்பியைக் கொடுத்தார். "மாதம் ஒருமுறை இதைவிட்டுக் குத்திவிடு, எனக்கு வேலை வராது" என்றார். ஈரம் பட்ட வேங்கை செந்நீர் கசியும். வெளிர்ந்த சட்டங்களுக்கு நடுவே அந்தத் தூண் மட்டும் செம்பழுப்பாக நின்றது. அதற்குச் சாயம் பூசி மறைத்துவிடலாமா என்று டிரைவர் கேட்டார். பாட்டனார் இசையவில்லை. அடுத்துப் பார்க்கிறவனுக்கு எது புதியது என்று தெரியவேண்டாமா என்பது அவர் வாதம்.

மாட்டுவண்டிகள் குறைந்தபோது என் சிற்றப்பன்மார் நாமக்கல்லுக்குச் சென்றார்கள். அங்கே லாரிக்குப் பாடி கட்டும் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் அடிச்சட்டங்கள் எண்ணூரிலிருந்து அம்மணமாகவே வரும். டிரைவர் ஒரு பலகைமேல் அமர்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் ஓட்டி வருவார். முன்னறையும் பின்தொட்டியும் நாமக்கல் தச்சர்களும் கொல்லர்களும் கட்டுவார்கள். இலண்டனில் சாரட்டுத் தச்சர் செய்துவந்ததும் இதுதான் அன்றோ? அங்கே கார்த் தொழிலில் முறிந்துபோன ஒரு மரபு, அடிச்சட்டம் வேறு உடல் வேறு என்ற பழைய ஏற்பாடு இங்கே லாரியில் நீடித்ததால், நம் சமவெளியில் இன்னும் பல பத்தாண்டுகள் உயிர்வாழ்ந்தது. நாமக்கல் லாரியின் வரலாற்றை எழுதுவோர் முதலாளிகளையும் கடன் வசதியையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். வண்டித் தச்சரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இப்போது தொழிற்சாலையிலிருந்தே முன்னறையோடு வரும் லாரிகள் பெருகிவிட்டன. பட்டறைகளில் உளியைவிடப் பற்றவைக்கும் கருவியே மிகுதியாகப் பேசுகிறது.

சில ஆண்டுகளுக்குமுன் இங்கிலாந்தில் என் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு சிற்றூர்த் தெருவில் மைனர் டிராவலர் ஒன்று நிற்பதைக் கண்டேன். ஒரு கீறல்கூட இல்லை. உடையவர் முதியவர், என் ஆர்வத்தைக் கண்டு பின்கதவுகளைத் திறந்து காட்டினார். மிக நன்றாகப் பாதுகாத்திருக்கிறீர்களே என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கச் சட்டங்களைத் தாம் வாங்கியபின் ஒருமுறையும், அதற்குமுன் ஒருமுறையும் மாற்றியாயிற்றாம்; அளவாகச் செதுக்கிய ஆஷ் சட்டங்கள் இன்றும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த மரம் எது என்று கேட்டேன். கூரையை ஒட்டி உட்புறமாக ஓடிய ஒரு சட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அது சற்றே மங்கித் தேன் நிறமாக இருந்தது. அதன் நாரின் ஓட்டத்தைக் கண்டதும் அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிற்று. ஊர் திரும்பிய பிறகே விளங்கிற்று.

ஏற்காட்டு வண்டியிலிருந்து கழற்றிய தூணின் கீழ்ப்பாதிதான் உளுத்திருந்தது. மேல்பாதியைப் பாட்டனார் எறியாமல் சீவித் தம் கைக்கோடரிக்குப் பிடியாகப் போட்டுக்கொண்டார். அது இப்போது என்னிடம் இருக்கிறது. மழையில் நனையவிட்டதில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கோடரியின் தலை அதில் ஆடுவதில்லை.