பாக்கி வாடகை யார் தரணும்? - ஒரு லாரியும் நாலு சட்டமும்

போன மாதம் ராஜபாளையம் போனபோது பெரியப்பா முகமே சரியில்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு லாரி. போனில் பேசிய வெளியூர் புரோக்கரை நம்பி லோடு ஏற்றினார். அட்வான்ஸ் வந்தது. பாக்கி வரவில்லை. சரக்குக்காரரோ, "புரோக்கர்கிட்ட முழுசா கொடுத்தாச்சே" என்கிறார். புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப்!

"பி.காம். படிக்கிறியே, சட்டம் என்னப்பா சொல்லுது?" என்றார். புத்தகத்தைப் புரட்டினேன்.

முதலில் 1865-ஆம் வருட கேரியர்ஸ் சட்டம். லாரியே இல்லாத காலம். தங்கம், வெள்ளி, பட்டு மாதிரி சரக்கு 100 ரூபாய்க்கு மேல் என்றால் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கவலையெல்லாம் சரக்கைப் பற்றித்தான்.

அடுத்து 1872-இல் ஒப்பந்தச் சட்டம். அதன் 230-ஆவது பிரிவுப்படி, ஏஜெண்ட் பொதுவாகச் சொந்தப் பொறுப்பு ஏற்கத் தேவையில்லை. ஆனால் யாருக்காகப் பேசுகிறார் என்று பெயர் சொல்லாவிட்டால், அவரே பொறுப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பிறகு நம் பக்கம் மில்கள் வந்தன. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகும் ரோட்டில் இன்று லாரிகளுக்குக் குறைவில்லை. சரக்குக்கும் லாரிக்கும் நடுவில் புக்கிங் ஆபீஸ்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆவது பிரிவு சரக்கு ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றது. 1865 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007 சட்டம் (அமலுக்கு வந்தது 2011-இல்), தன் பெயரில் ரசீது போட்டுச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களைப் பதிவு செய்யச் சொன்னது.

பெரியப்பாவுக்குச் சரக்குக்காரர் பெயரே இறக்குமிடத்தில்தான் தெரியும். ஆக, 230-ஆம் பிரிவுப்படி புரோக்கர்தான் கடன்காரர். ஆனால் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாதே! அதை ஏற்றுவதற்கு முன்னால் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

லைசென்ஸைப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் அரசுத் தளத்தில் போட்டுப் பெயரும் முகவரியும் சரியா என்று பார்க்கலாம். சரக்குக்காரர் நம்பரை நாமே தேடிப் பிடித்துப் பேசலாம். வாடகை, அட்வான்ஸ், ஹால்டிங், பாக்கியை யார் எப்போது தருவது என எழுதி வாங்கலாம். அதே புரோக்கரிடம் லோடு எடுத்த டிரைவர்களிடம் "பாக்கி வந்துச்சா?" என்று கேட்பது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புக்கிங் ஆபீசில் பெரியப்பா இதையெல்லாம் கேட்டாராம். "என்ன அண்ணாச்சி, நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தாராம் ஏஜெண்ட். சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுத்துவிட்டார். பழைய பாக்கி இன்னும் வரவில்லை.