தொண்டைக் குழியும் உப்பு வெந்நீரும்

டான்சில் சதையிலுள்ள சிறு குழிகளில் உணவுத் துணுக்கும் உதிர்ந்த செல்களும் பாக்டீரியாவும் தேங்கி, சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுவதே டான்சில் கல். வெளிர்மஞ்சள் நிறம், நசுக்கினால் கந்தக நாற்றம். பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமங்களில் டூத் பிரஷ் வருமுன் வேப்பங்குச்சியும் உமிக்கரியும்தான். குச்சியின் நுனியை மென்று நாராக்கிப் பல் விளக்குவார்கள். பிறகு அதையே நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வளைத்து நாக்கை வழிப்பார்கள். தொண்டை கரகரத்தால் உப்பு வெந்நீரையோ கடுக்காய்க் கஷாயத்தையோ அண்ணாந்து கொப்பளிப்பது வழக்கம். இது மிகச் சரியான பழக்கம். குழியில் தேங்கியதை இளக்கி வெளியேற்ற இன்றைய மருத்துவர்களும் உப்பு நீரையே முதலில் சொல்கிறார்கள்.

விரலில் உப்பும் மிளகும் தொட்டு உள்நாக்கை அழுத்தும் வைத்தியம் அப்படியல்ல. சதை கிழிந்து ரத்தம் கசியலாம். தொண்டைக்குள் விரலை விடுவது புதிதுமல்ல: ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே டான்சிலை விரலால் பெயர்த்தெடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதே மாவட்டத்தின் பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. டான்சில் அறுவை உலகெங்கும் சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. பின்னாளில் அந்த அறுவை குறைந்தது. கல்லுக்காக அறுவை என்பது இன்று, அது ஓயாமல் திரும்பி வந்து தொல்லை தந்தால் மட்டுமே. ஊக்கு, குச்சியால் குத்தி எடுக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, விழுங்கச் சிரமமானாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.