கோப்புப் பரிமாற்றமும் அறிவின் வாயிலும் – ஒரு வரலாற்று நோக்கு

ஏடுகளைப் படியெடுத்துக் கைமாற்றிய காலந்தொட்டு, அறிவு எங்குள்ளது என்ற வினாவுடன் அதனைப் பெறும் வழி எவருக்குத் தெரியும் என்ற வினாவும் இணைந்தே வந்துள்ளது. கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பரிமாறும் முறையின் வரலாற்றிலும் இவ்விரு வினாக்களையும் காணலாம்.

1969 ஒக்ரோபர் 29ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆர்ப்பாநெற் வலையமைப்பின் முதற் செய்தி சென்றது. இணைப்பு ஏற்பட்டதேயன்றி மொழி ஒன்றாகவில்லை. பிடிபி-10 கணினி 36 இருமங்கள் கொண்ட சொற்களைக் கையாண்டது. ஐபிஎம் 360 கணினியின் சொல்லோ 32 இருமங்களாலானது. எழுத்துகளைக் குறிக்கும் குறியீட்டு முறைகளும் வேறுபட்டன. எனவே ஓரிடத்து ஆய்வுத்தரவு பிறிதோரிடத்திற் பொருளற்ற குறிகளாய் முடியக்கூடிய நிலை இருந்தது.

இச்சிக்கலுக்கு 1971 ஏப்பிரலில் ஒரு தீர்வை முன்வைத்தவர், அலகாபாத்திற் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழினுட்ப நிறுவனத்திற் பயின்று, அப்போது மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலிருந்த அபய் பூஷண் ஆவார். ஒவ்வொரு கணினியும் தன் உள்வழக்கத்தைப் பேணலாம். பரிமாறும் வேளையில் மட்டும் யாவும் ஒரு பொதுநெறிக்கு அமைதல் வேண்டும் என்பதே அதன் சாரம். இதுவே எப்.ரி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் தொடக்கம். 1969இல் ஸ்ரீவ் குரொக்கர் தொடக்கிவைத்த ‘கருத்துரைக்கான வேண்டுகோள்’ என்னும் ஆவணத் தொடரிலேயே அது வெளியாயிற்று. ஆணையிடாது கருத்தை வேண்டிநின்ற அத்தொடரின் பெயர் நோக்கற்பாலது. பன்முறை திருத்தப்பெற்ற இந்நெறிமுறைக்கு 1985 ஒக்ரோபரில் ஜோன் பொஸ்ரலும் ஜொய்ஸ் றெனோல்ட்ஸும் நிலைத்த வடிவம் தந்தனர்.

இதன் வழியே வளர்ந்த ஒரு வழக்கம் சமூகச் சிறப்புடையது. ‘பெயரிலி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பயனர்பெயராக இட்டு, கடவுச்சொல்லுக்குப் பதிலாக மரியாதையின்பொருட்டுத் தம் மின்னஞ்சல் முகவரியைத் தந்து, முன்பின் அறியாத எவரும் தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் பொதுக்கோப்புகளைப் பெறலாயினர். கோப்புகள் பெருகவே, எது எங்குள்ளது என்பது புதிய இடர்ப்பாடாயிற்று. 1990இல் மக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் நாட்டவரான அலன் எம்ரேஜ் ‘ஆர்ச்சி’ என்னும் தேடற்கருவியை உருவாக்கினார். எனினும் அது கோப்புகளின் பெயர்களையே அறியும், உள்ளடக்கத்தை அறியாது.

தொடக்கநிலையாளருக்கான கைந்நூல்கள் இச்சூழலிலேயே தோன்றின. இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் குறொல் 1987இல் ஒரு வழிகாட்டியை எழுதினார். 1992இல் பிறெண்டன் கெஹோ என்னும் பல்கலைக்கழக மாணவர் எழுதிய கைந்நூல் இலவசமாகப் பரவிற்று. ஆயின் ஈண்டு ஒரு முரண் உண்டு. கோப்பைப் பெறும் முறையைக் கற்பித்த நூலே கோப்பாக வைக்கப்பட்டிருந்தது. பெறத் தெரியாதவனுக்கே அது தேவைப்பட்டது. பூட்டிய பெட்டிக்குள் அதன் திறவுகோலை வைத்தமை போன்றது இது. அச்சு நூல்களும், கோப்புகளை எழுத்துவடிவாக்கித் துண்டுதுண்டாக மின்னஞ்சலில் அனுப்பிய சேவைகளும் இம்முரணை ஓரளவு தீர்த்தன. மின்னஞ்சல் மட்டுமே வாய்த்தோருக்கு இரண்டாவது வழி பேருதவியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பும் மின்னஞ்சலுடனேயே தொடங்கியது என்பது நினைவுகூரத்தக்கது.

கடவுச்சொல்லையும் மறைப்பின்றி அனுப்பிய பழைய எப்.ரி.பி., பாதுகாப்பு மிக்க முறைகளுக்கு இடமளிக்கலாயிற்று. 2021இல் குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் அதற்கான ஆதரவை நீக்கின. நெறிமுறை தளர்ந்தாலும் அது விட்டுச்சென்ற வினா தளரவில்லை. வாயிலைத் திறந்துவைத்தல் மட்டும் போதாது. வாயில் எங்குளதென்பதை வருவோரின் மொழியிலும், அவர்க்கு எட்டும் வடிவிலும் எடுத்துரைத்தல் வேண்டும். அப்பணியை ஒரு மாணவர் முன்பு செய்து காட்டியுள்ளார். தமிழிற் கற்கும் நமக்கும் அது உரிய பணியேயாம்.