வார வாசிப்பும் கவிதையும்: யன்னாயின் பாடல்கள் பற்றிய ஒரு குறிப்பு

யூதரின் தொழுகைக்கூடங்களில் மோசேயின் ஐந்நூல்களாகிய தோரா வாரந்தோறும் பகுதி பகுதியாக வாசிக்கப்படும். பபிலோனிய யூதர் அதனை ஓராண்டில் வாசித்து முடித்தனர். பலஸ்தீன யூதரோ மூன்று ஆண்டுகள் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடித்தனர். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில், பைசாந்தியப் பேரரசுக்குட்பட்ட பலஸ்தீனத்தில் வாழ்ந்த யன்னாய், இந்நீண்ட சுற்றின் வாரப் பகுதிகளுக்கேற்ப எபிரேய மொழியில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். அவ்வாரப் பகுதியின் தொடக்க வசனங்களை எடுத்தாண்டும், அடிகளின் முதலெழுத்துக்களில் தம் பெயரைப் பொறித்தும், இறுதி இயைபைச் சீராகக் கையாண்டும் அவர் பாடினார்.

இப்பாடல்களிற் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தமைக்குக் காரணம் யாது? சுவை மாறிற்று என்பது போதிய விடையன்று. 750 இல் அப்பாசியர் ஆட்சி தோன்றியபின் அதிகாரமும் வணிகமும் பக்தாத்தில் மையங்கொண்டன. பபிலோனியக் கல்விக்கழகங்களின் செல்வாக்கும் அவற்றின் ஓராண்டு வாசிப்பும் பரவின. மூவாண்டு வாசிப்பு வழக்கொழிய, அதனோடு பிணைந்த பாடல்களும் பாடுவாரற்றுப் போயின.

பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், கழித்த ஏடுகளை இட்டுவைத்த அறையே அவற்றைக் காத்தது. அவ்வேடுகளிலிருந்து டேவிட்சன் 1919 இலும், விரிவாகச் சூலாய் 1938 இலும் யன்னாயின் பாடல்களைப் பதிப்பித்தனர்.

கவிதையின் ஆயுளை அதன் அழகு மட்டும் நிர்ணயிப்பதில்லை. அதனைப் பயன்கொள்ளும் சமூக நிறுவனமும் நிர்ணயிக்கின்றது. எஞ்சிய நூல்களை மட்டுங்கொண்டு நாம் இலக்கிய வரலாறு எழுதுவோமாயின், வென்ற நிறுவனங்களின் தேர்வையே சுவையின் தீர்ப்பென மயங்குவோம்.