பிறை ஆற்றின் கரைகளும் கள்ளுக்கடையின் வரலாறும்

முன்னுரை

போர்த்துகல் நாட்டின் வடபகுதியில் டோரு என்னும் ஆறு ஓடுகிறது. அதன் இருமருங்கிலும் உள்ள மலைச் சரிவுகளில், படிப்படியாகக் கற்சுவர் எழுப்பி மண் நிரப்பிய வரப்புகளில் திராட்சைக் கொடிகள் வளர்கின்றன. 1756ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு அப்பகுதிக்கு எல்லை வகுத்து, அங்கு விளையும் மதுவுக்குத் தனிப்பெயர் காத்தது. ரபெலோ எனப்படும் படகுகள் மதுப் பீப்பாய்களைச் சுமந்து ஆற்றின் வழியே போர்ட்டோ நகருக்கு இறங்கின. 20ஆம் நூற்றாண்டில் அணைகள் எழுந்தபின் அப்படகுகள் ஓய்ந்தன. இன்று அதே நீரில் சுற்றுலாக் கப்பல்கள் செல்கின்றன. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நிலப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து, கரையைக் கண்டு, அக்கரை விளைத்த மதுவைச் சுவைத்துத் திரும்புகின்றனர்.

நம் பினாங்கு மாநிலத்தில் அத்தகைய ஆறு ஒன்று உண்டா என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன விடை கூறுவது? கொடிமுந்திரி இங்கு விளையவில்லை. ஆயினும் மது விளைந்த கரைகள் இருந்தன. ஜார்ஜ் டவுன் நகருக்கு நேர் எதிரே கடலில் கலக்கும் பிறை ஆறும், அதற்குத் தெற்கிலும் வடக்கிலும் ஓடும் ஆறுகளும் தென்னையும் கரும்பும் பால்மரமும் நிறைந்த தோட்டங்களின் ஊடே ஓடின. அத்தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்தனர். அங்கே கள்ளுக்கடைகளும் இருந்தன. டோருவின் மது அந்நாட்டாருக்குப் பெருமை. நம் கரைகளின் கள்ளோ நம்மவர் பேசத் தயங்கும் செய்தியாகிவிட்டது. அத்தயக்கம் சரிதானா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மதுவும் கள்ளும்

பண்டைத் தமிழர் இருவகைக் குடியையும் அறிந்திருந்தனர். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமிக்க மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல் குறிக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, மது கொண்டுவரப் பயன்பட்ட இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. அச்சாடிகள் கடலைக் கடந்து ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியவை. உள்நாட்டுக் கள்ளைப் பற்றிய செய்திகளும் சங்கப் பாடல்களில் மிகுதி. அதியமான் தன்னிடமிருந்த கள்ளைப் புலவர்க்கு அளித்த அன்பை ஔவையாரின் கையறுநிலைப் பாடல் நினைவுகூர்கிறது. பின்வந்த திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று 93ஆம் அதிகாரம் வகுத்துக் கண்டித்தார். ஆகவே, கள்ளைக் கொண்டாடியதும் கடிந்ததும் ஆகிய இரு மரபும் நமக்கு உண்டு.

மதுவுக்கும் கள்ளுக்கும் உள்ள ஒரு வேறுபாடு வரலாற்றுக்கு இன்றியமையாதது. திராட்சை மது நாள்பட நாள்படச் சிறக்கலாம், தொலைதூரம் செல்லும். கள் அவ்வாறன்று. தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, கலயத்தை மாட்டினால் சாறு வடியும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகளால் அது வடியும்போதே புளிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு சாராயச் சத்து ஏறிவிடும். ஓரிரு நாளில் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் மட்டுமே புளிப்புத் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். எனவே கள்ளைப் பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. மரம் நிற்கும் இடத்தருகே கடை இருத்தல் வேண்டும். கடை இருக்கும் இடத்தருகே குடிப்பவர் இருத்தல் வேண்டும். தோட்டத்தில் இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன.

ஆற்று வழியே

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். 1800இல் கெடா சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் எதிர்க்கரையின் நிலப்பகுதியும் கம்பெனியின் கைக்கு வந்தது. புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப் பெயர் பெற்ற அப்பகுதியே இன்றைய செபராங் பிறை. வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு என அதன் எல்லைகளை ஆறுகளைக் கொண்டே வகுத்தனர். சாலைகளும் இருப்புப் பாதையும் வருவதற்கு முன்னர் உள்நாட்டிற்குச் செல்லும் வழிகள் ஆறுகளும், தோட்டங்களில் வெட்டப்பட்ட கால்வாய்களுமே ஆகும். ஆளும் அரிசியும் அவ்வழியே உள்ளே சென்றன. கரும்பும் சர்க்கரையும் அவ்வழியே வெளியே வந்தன.

பத்து காவான் முதலிய இடங்களில் சீனர் தொடங்கிய கரும்புப் பயிரை, 1840களிலிருந்து ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் பெருக்கினர். உழைப்புக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்க்குப் பினாங்கே முதல் துறைமுகம். ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் கரும்பு மறைந்து பால்மரம் பரவத் தொடங்கியிருந்தது. கடலோர வண்டல் மண்ணில் தென்னை தழைத்தது. பின்னர்க் கங்காணிகள் வழியாகவும் தனித்தனியாகவும் ஆள்கள் வந்தவண்ணம் இருந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்க்கான உதவிப் பயணத்தைத் தடை செய்தபோதுதான் அவ்வரவு குறைந்தது.

இன்று ஜார்ஜ் டவுன் துறையில் ஃபெர்ரியில் ஏறும் ஒருவர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணையைக் கடக்கிறார். வலப்புறம் சற்றே தெற்கில் பிறை ஆற்றின் முகத்துவாரம் தெரியும். அங்கிருந்து படகில் ஆற்றை எதிர்த்துச் சென்றால், இருபுறமும் கப்பல் துறைகள், ஆலைகள், பாலங்கள் ஆகியனவே முதலில் புலப்படும். கரும்புக் காடுகள் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும், 1960களில் அமைந்த சர்க்கரை ஆலை ஒன்று பிறையில் நிலைத்திருப்பது வரலாற்றின் விந்தை. அப்பால் சதுப்பும் அலையாத்தி மரங்களும், இடையிடையே தென்னை வரிசைகளும் தோன்றும். தோட்டப் பெயர்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளின் பெயர்களாகவும், தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் மட்டுமே எஞ்சியுள்ளன.

கடையின் ஆதாயம் யாருக்கு?

‘தோட்டத்தான் குடிகாரன்’ என்னும் ஏளனச் சொல் நம் சமூகத்தில் நெடுங்காலம் வழங்கியது. குடியைத் தொழிலாளியின் இயல்புக் குற்றமாக அது கூறுகிறது. சான்றுகளோ வேறொன்றைக் காட்டுகின்றன. பினாங்குக் குடியேற்றத்தின் தொடக்கக் காலத்திலேயே அபின், சாராயம், கள் ஆகியவற்றை விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. வரிவிதிப்பு நிர்வாகத்தை நடத்தும் செலவின்றி நிலையான வருவாய் கிடைத்ததால் அம்முறை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1909ஆம் ஆண்டின் இறுதியோடு அபின் குத்தகை முடிவுற்று, விற்பனை அரசின் நேரடிப் பொறுப்பாயிற்று. எவர் விற்றாலும், போதைப் பொருளின் வருவாய் ஆட்சியின் தூண்களில் ஒன்றாகவே விளங்கியது.

தோட்டத்துக் கள்ளுக்கடையும் சட்டத்துக்கு மறைவாக நடந்ததன்று. உரிமம் பெற்று, நிர்வாகத்தின் கண்காணிப்பில் நடந்தது. கள்ளுக்கடை இல்லையேல் தொழிலாளி வெளியே சென்று சம்சு என்னும் கடுஞ்சாராயத்தைக் குடிப்பான் என்பது நிர்வாகத்தார் கூறிய காரணம். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆயினும் வேறொரு வசதியையும் அது மறைத்தது. வேலை முடிந்ததும் அருகிலேயே கடை இருந்தால், தொழிலாளி தோட்டத்தைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. அவன் பெற்ற கூலியில் ஒரு பகுதி தோட்டத்துக்குள்ளேயே செலவாயிற்று. கடையின் ஆதாயத்தைக் கொண்டு தொழிலாளர் நலப் பணிகள் செய்யும் வழக்கமும் இருந்தது. அந்நலப் பணிகளுக்கான பணம் தொழிலாளியின் வீட்டிலிருந்தே வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1930களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது தரக் கூலியாகக் கருதப்பட்டது. அதிலிருந்து அரிசியும் துணியும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவது சிறிதே. அச்சிறு தொகை கள்ளுக்குச் சென்றால், இழப்பைத் தாங்கியவள் மனைவி. பட்டினி கிடந்தவர் பிள்ளைகள். அப்பெண்களும் விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்றவர்களே. ஆகவே, கள்ளின் கேட்டை மறைத்துப் பேசுதல் அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். கேட்டை ஒப்புக்கொள்வதோடு, அதற்கு வழி வகுத்த அமைப்பையும் சேர்த்துக் கூறுவதே நேர்மையான வரலாறு.

மூடச் சொன்னவர் யாவர்?

கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற குரல் எங்கிருந்து எழுந்தது? தமிழகத்தில் எழுந்த மதுவிலக்கு உணர்வு இங்கும் பரவியது. 1921இல் தம் தோட்டத்துத் தென்னைகளையே வெட்டச் செய்த ஈ.வெ.ராமசாமிப் பெரியார், 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார். சீர்திருத்தச் சங்கங்களும் தமிழ் நாளேடுகளும் குடியொழிப்பை வலியுறுத்தின. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இச்செய்திகள் தோட்ட லயங்களையும் எட்டின.

ஆனால் படித்தவர் அறிவுரையைவிட அழுத்தமானது தொழிலாளரின் சொந்தக் கோரிக்கை. அதற்குத் தெளிவான சான்று பினாங்கிற்கு வெளியே, சிலாங்கூரில் உள்ளது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கக் கேட்டனர். அதே பட்டியலில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. நாதன் நாடு கடத்தப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மிதிவண்டியிலிருந்து இறங்குவதும் கள்ளுக்கடையும் ஒரே கோரிக்கைத் தாளில் அமைந்தமை கருதத்தக்கது. இரண்டையும் அவர்கள் தன்மானப் பிரச்சினையாகவே கண்டனர்.

போருக்குப் பின் இப்போராட்டம் நமக்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது. மூடா ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால் கெடாவின் சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரம். அங்கு ஹார்வர்ட் தோட்டத்தைச் சார்ந்த ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்னும் அமைப்பை உருவாக்கினார். போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவம் ஊட்டிய ஒழுங்கும் தன்னம்பிக்கையும் அவ்வமைப்பில் வெளிப்பட்டன. இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர்; குடியை விடுமாறு லயம்தோறும் வற்புறுத்தினர்; கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947ஆம் ஆண்டில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதல்களில் தொழிலாளர் உயிரிழந்தனர். பலர் சிறை சென்றனர். குடிப்பவரை வற்புறுத்தித் தடுத்ததில் சில வேளை கடுமை காட்டினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அமைதியாகக் குடித்துக் கிடந்த கூட்டம் என்று நாம் எண்ணிய மக்களே கடையை மூடுவதற்காக உயிரும் கொடுத்தனர் என்பது உறுதி.

அடங்காத சிக்கல்

தொண்டர் படை அடக்கப்பட்டது. கள்ளுக்கடைகள் உடனே மறைந்துவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆனால் கள்ளின் இடத்தை மலிவான சம்சு பிடித்தது; சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு எங்கும் கிடைத்தது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பயனீட்டாளர் சங்கம் சம்சுவின் கேட்டை எதிர்த்துப் பல்லாண்டுகள் பரப்புரை செய்தது. கள்ளுக்கு மரமும் கடையும் அருகில் தேவைப்பட்டன. புட்டிக்கு அவ்வெல்லை இல்லை. மறியல் செய்வதற்கு ஓர் இடம்கூட இல்லாமற் போனதே இப்புதிய கேட்டின் வலிமை.

மற்றொன்றும் கூறல் வேண்டும். பாளை சீவும் தொழில் எளியதன்று. நாள்தோறும் இருமுறை உயர்ந்த மரங்களில் ஏறி இறங்கி, பாளை கெடாமல் மெல்லிதாகச் சீவும் கைத்திறன் அது. அத்தொழிலாளரும் கடல் கடந்து வந்த நம்மவரே. கள்ளுக்கடையின் வரலாற்றை எழுதுவோர் அவர்களைக் குற்றவாளிகளாக்காமல், அவர்தம் உழைப்பையும் பதிவு செய்தல் கடமையாகும்.

முடிவுரை

டோரு ஆற்றில் செல்லும் பயணிக்குக் கரையைப் பற்றிச் சொல்ல நூல்களும் வழிகாட்டிகளும் உள்ளனர். பிறை ஆற்றின் கரைக்கு அத்தகைய வழிகாட்டி இல்லை. செபராங் பிறையின் பள்ளிகளில் பயிலும் மாணவர்களே அப்பணியைச் செய்யலாம். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியரிடம் மூன்று வினாக்கள் கேட்டால் போதும்: கடை எங்கே இருந்தது? அதன் பணம் எங்கே சென்றது? அதை மூட யார் முயன்றனர்? விடைகளைத் தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைத்தால், ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்து வட்டார வரலாறாக ஆக்கலாம்.

முதல் வினாவுக்கு மட்டும் விடை தெரிந்த தலைமுறை ‘தோட்டத்தான் குடிகாரன்’ என்று கூறியது. மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த மாணவர் அவ்வாறு கூறமாட்டார். ஃபெர்ரியில் நின்று பிறை ஆற்றின் முகத்துவாரத்தைக் காணும்போது, அவ்வழியே உள்ளே சென்றவர்கள் கடையின் முன் மறியல் செய்யவும் அறிந்திருந்தனர் என்பதை அவர் நினைவுகூர்வார்.