எம்.எஃப்.ஹுசைன்: தாயகம் திரும்பாத ஓவியர்

இந்தியாவின் நவீன ஓவியத்தை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவரான மக்பூல் ஃபிதா ஹுசைன், 2011 ஜூன் 9ஆம் திகதி லண்டனில் காலமானபோது அவருக்கு வயது 95. அவரது உடல் இங்கிலாந்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. மரணிக்கும்போது அவர் இந்தியப் பிரஜையாகக்கூட இருக்கவில்லை. பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகளை வழங்கி, 1986இல் ராஜ்ய சபாவுக்கும் நியமித்துக் கௌரவித்த நாட்டைவிட்டு ஒரு கலைஞர் தொண்ணூறு வயதில் வெளியேற நேர்ந்தது எவ்வாறு?

மகாராஷ்டிர மாநிலத்தின் பண்டர்பூரில் 1915இல் பிறந்த ஹுசைன், குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். பம்பாய்க்கு வந்து, சினிமா விளம்பரப் பலகைகளை வரைந்து பிழைத்தார். அகன்ற தூரிகைக் கோடுகளையும், தூரத்திலிருந்து பார்ப்பவரையும் நிறுத்திவிடும் வர்ணங்களையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தெருத்தொழிலே என்பது எனது எண்ணம். 1947இல் எஃப்.என்.சூசா, எஸ்.எச்.ராஸா போன்றோருடன் முற்போக்கு ஓவியர் குழுவில் அவர் இணைந்துகொண்டார். 1967இல் அவர் இயக்கிய குறும்படம் பேர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது.

ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் தமது சொந்த மரபாகவே கருதினார். ராம் மனோகர் லோகியாவின் தூண்டுதலால் இராமாயணத்தைத் தொடர் ஓவியங்களாகத் தீட்டினார். 1971இல் பிரேசிலின் சாவோ பாவுலோ கண்காட்சிக்குப் பிக்காசோவுடன் சிறப்பு அழைப்பாளராக அழைக்கப்பட்டபோது அவர் எடுத்துச் சென்றவை மகாபாரத ஓவியங்களே.

எழுபதுகளில் அவர் வரைந்த சரஸ்வதியின் கோட்டோவியத்தை 1996இல் ஒரு ஹிந்திச் சஞ்சிகை மறுபிரசுரம் செய்ததோடு நெருக்கடி ஆரம்பமானது. ஏறத்தாழ இருபது வருடங்களாக எவரையும் புண்படுத்தாத கோடுகள் திடீரெனக் குற்றமாயின. ஓவியம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த அரசியல் மாறியிருந்தது. அஹமதாபாத்தில் அவரது படைப்புகள் அழிக்கப்பட்டன. 1998இல் அவரது மும்பை வீடு தாக்கப்பட்டது. நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. 2006இல் அவர் வெளியேறினார்.

ஹுசைன் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். அவசரகால நிலையின்போது இந்திரா காந்தியைத் துர்க்கையாக வரைந்தவர் அவர். 2004இல் தமது 'மீனாக்ஷி' திரைப்படத்தின் பாடலொன்றுக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது படம் திரையரங்குகளிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஆனால், ஒரு கலைஞரின் அரசியலை விமர்சிப்பது வேறு. அவரது வீட்டைத் தாக்குவது வேறு.

2008 மே 8ஆம் திகதி டில்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், தம்முன் இருந்த வழக்குகளை இரத்துச் செய்தார். தொண்ணூறு வயது ஓவியர் தமது வீட்டிலிருந்து வரைவதற்கு உரியவர் என்றும் அவர் குறிப்பிட்டார். அதே வருடம் செப்டெம்பரில் உச்ச நீதிமன்றமும் ஹுசைனுக்கு எதிரான மனுவை நிராகரித்தது. இதே நீதிபதிதான் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராக, 2016 ஜூலையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்கில் கருத்துச் சுதந்திரத்தைப் பாதுகாக்கும் தீர்ப்பை வழங்கியவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவுகூரலாம். அந்தத் தீர்ப்பின் பின்னர் பெருமாள்முருகன் மீண்டும் எழுதினார். ஹுசைன் நாடு திரும்பவில்லை. நீதிமன்றம் விடுவித்தாலும் தெருவிலே பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை அரசாங்கம் அவருக்கு ஏற்படுத்தவில்லை. 2010இல் கட்டார் பிரஜாவுரிமையை ஏற்று, இந்தியக் கடவுச்சீட்டைக் கையளித்தார்.

1954இல் அவர் வரைந்த 'கிராம யாத்திரை' ஓவியம் 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் 13.7 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது. நவீன இந்திய ஓவியம் ஒன்று ஏலத்தில் அதுவரை பெற்ற ஆகக்கூடிய தொகை அது. அதே வருடம் ஜனவரியில்தான், டில்லிக் கண்காட்சியொன்றில் இருந்த அவரது இரண்டு ஓவியங்களைக் கைப்பற்றுமாறு நீதிமன்றமொன்று உத்தரவிட்டிருந்தது.

ஊரைவிட்டு வெளியேறி, திரும்பிச்செல்லும் நாளை எண்ணிக் காலம் கழித்தவர்களை எமது சமூகம் நன்கறியும். தாயகம் திரும்புவதற்குச் சட்டத்தின் அனுமதி மாத்திரம் போதாது என்பதையும் நாம் அறிவோம். ஓவியங்களுக்குக் கோடிகளில் விலை பேசும் உலகம், அவற்றை வரைந்தவருக்குச் சொந்த மண்ணில் ஆறடி நிலத்தைப் பெற்றுக்கொடுக்கவில்லை.