புயலை அடக்கப் புறப்பட்டவர்கள்

“இந்தப் புயலை நடுக்கடலிலேயே அடக்க முடியாதா?” எச்சரிக்கை வரும்போதெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கா அதை முயன்றே பார்த்தது.

1947 அக்டோபரில், கரையை விட்டு விலகிக்கொண்டிருந்த ஒரு புயலில் விமானத்திலிருந்து உலர்பனியைத் தூவினார்கள். புயல் திரும்பி வந்து ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைத் தாக்கியது. அது தானாகவே திரும்பியது என்று பின்னர் தெரிந்தது. ஆனால் பழி விழுந்தது விழுந்ததுதான்.

1962இல் ‘ஸ்டார்ம்ஃப்யூரி’ திட்டம் தொடங்கியது. சில்வர் அயோடைடைத் தூவினால் புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச்சுவர் கலைந்து, அதற்கு வெளியே அகலமான புதுச்சுவர் எழும், காற்று தணியும் என்பது கணக்கு. பழைய பழிக்கு அஞ்சி, மக்கள் வாழும் கரையையோ தீவையோ நெருங்கக்கூடிய புயலைத் தொடக் கூடாது என்று விதி வைத்தார்கள். அதாவது, காப்பாற்ற வேண்டிய தீவுகளை நோக்கி வரும் புயலில் சோதிக்கவே முடியாது! அப்படியும் கியூபா சந்தேகப்பட்டது.

1969இல் ‘டெபி’ புயலின் காற்று ஒரு நாளில் 31 சதவீதம் குறைந்தது. ஆனால், யாரும் தூவாமலே புயல்கள் இப்படிச் சுவர் மாற்றிக்கொள்வதுண்டு என்று பிறகு தெரிந்தது. 1983இல் திட்டத்தை மூடினார்கள்.

மிஞ்சியது, அதற்காக வாங்கிய இரண்டு விமானங்கள். அவை பல பத்தாண்டுகள் புயலுக்குள் பறந்து, முன்னறிவிப்புக்குத் தகவல் தந்தன. புயலை அடக்க முடியவில்லை. வருவதை முன்பே அறிய முடிகிறது. அடுத்த எச்சரிக்கை வந்ததும் பால்கனிப் பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வையுங்கள்.